கடுகுவிதையும் வெள்ளைக்கொக்கும்

இன்சொன்
2003 ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சுன்யே எழுதுகிறேன். இங்கே செர்ரி பூத்த மறுநாளே மழை வந்து எல்லாவற்றையும் சாக்கடையில் சேர்த்துவிட்டது. உங்கள் மலைப்பக்கம் இன்னும் குளிர் விட்டிருக்காது. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அண்ணனுக்கு இருமல் நின்றதா? நீங்கள் அனுப்பிய சோயா விழுது ஒரு சொட்டும் சிந்தாமல் வந்து சேர்ந்தது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம்.

ஒரு புதுச் செய்தி. வார்டு அலுவலகத்தில் இல்லத்தரசிகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டு வாரம் போனேன். இப்போது காலையில் எல்லோரும் கிளம்பியதும் பாத்திரத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இணையத்தில் ஒரு விவாத அறை இருக்கிறது. மதம் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், சொந்தப் பெயர் வேண்டாம். நான் கடுகுவிதை. 'வெள்ளைக்கொக்கு' என்று ஒரு மனிதர் வருகிறார். முன்னோர் திதி கொடுக்காதவன் மகனே இல்லை என்பது அவர் கட்சி. நேற்று என்னிடம், "ஒரு கிண்ணம் சோத்துக்கே கோவிச்சுக்கிறாரே, உங்க சாமிக்கு மனசு அவ்வளவு சின்னதா?" என்று கேட்டார். செலவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, ஒரு பக்கம் அவர் சொன்னது, மறுபக்கம் நான் சொன்னது என்று எழுதி வருகிறேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நீ ஜெபம் பண்றதைவிட டைப் அடிக்கிறதுதான் ஜாஸ்தி" என்கிறார்.

அண்ணி, சுசொக் அறுவடைப் பண்டிகைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அண்ணனிடம் இப்போதே பேசி வையுங்கள். அப்பாவின் திதியில் நான் குனியவில்லை என்பதற்காக, "குனியாத முதுகு இந்த வாசல் தாண்ட வேணாம்" என்று அவர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு எண்பத்தொன்று. இன்னொரு மூன்று வருஷத்துக்கு யார் பொறுப்பு? அந்த வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவது நீங்கள் ஒருவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுன்யே


சோல்மொரு, ஆன்டோங்
ஏப்ரல் 27

சுன்யேவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இப்போதுதான் அசேலியா மொட்டு விட்டிருக்கிறது. அத்தை காலையில் கஞ்சி, மாலையில் கஞ்சி; நடுவில் உன்னைப் பற்றி ஒரு தடவை கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று சாதிப்பார். என் இடுப்பு, மழை வருமா வராதா என்று வானொலியைவிடச் சரியாகச் சொல்கிறது. உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் என் விசாரிப்பு.

போனில் பேசலாமே என்று கேட்காதே. அது கூடத்தின் நடுவில் இருக்கிறது. அத்தைக்குக் காது மந்தம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத பேச்சுக்கு மட்டும்தான்.

முகம் தெரியாத மனிதரோடு இவ்வளவு பேச உனக்கு எங்கிருந்து வார்த்தை வருகிறது? இங்கே அவரவர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்கு நாளுக்கு நாலு வார்த்தைதான் கிடைக்கிறது. அந்த வெள்ளைக்கொக்கின் மனைவியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவளுக்கு எப்படி முதுகு வலிக்கிறதோ.

சுசொக் விஷயம் பேசினேன். உன் அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லாமல் எழுந்து போனார். அவர் வரைக்கும் அது பெரிய விஷயம்.

புனிம்


இன்சொன்
மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

எழுந்து போனார் என்ற வரியை மூன்று தடவை படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். எனக்குத் தோள்பட்டை இறுகிப் போயிருக்கிறது. உட்கார்ந்தே இருப்பதால் என்கிறார் டாக்டர்.

வெள்ளைக்கொக்கு இந்த வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. திதி என்பது பெண்களின் முதுகில் நடக்கும் சடங்கு என்று நான் எழுதினேன். அதற்கு அவர், "எங்க வீட்டு மருமகள்கள் சிரிச்ச முகமா செய்றாங்க. ஒரு படையலால ஒரு பொம்பளைக்குக் கெடுதல் வந்ததா ஒரு உதாரணம் சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு. சோம்பேறித்தனத்துக்குப் பக்தினு பேர் வெச்சுக்காதீங்க" என்று எழுதினார். இருபத்தேழு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள்.

உங்களைத்தான் நினைத்தேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால், தாத்தாவின் திதி முடிந்து நான் ஊர் திரும்பும்போது, பேருந்து நிலையத்தில் நீங்கள் சொன்னது. படையலுக்குக் கருவாடு இடிக்கும்போதே வலி வந்ததும், மூன்று மாதக் கரு பின்கட்டில் போனதும், துணியைக் கட்டிக்கொண்டு வந்து மிச்சக் கருவாட்டை நீங்கள் இடித்து முடித்ததும். அன்றைக்கு உங்கள் கை என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் இருக்கிறது.

நான் ஒன்றும் எழுதவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

சுன்யே


சோல்மொரு
மே 24

சுன்யே,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டேன். அந்தப் பேச்சைக் காகிதத்தில் எழுதாதே. மனசுக்குள் எழுதினால்கூட எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது. உனக்கு அது ஒரு துக்கக் கதை. இந்த வீட்டில் அது வேறு. வயிற்றில் பிள்ளை இருப்பவள் படையல் உணவைத் தொடக்கூடாது. தீட்டுப்பட்டவள் அந்தச் சமையலறைப் பக்கமே போகக்கூடாது. அத்தைக்கு அப்போது மணிக்கட்டு முறிந்திருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குத் திதியே நின்றிருக்கும். சொல்லாமல் செய்தேன், படைத்தேன், அவர்கள் வணங்கினார்கள். உன் அண்ணனுக்கும் தெரியாது. அப்புறம் எனக்கு வயிறு திறக்கவே இல்லை. இரண்டு பெண்களோடு நின்றது. ஒன்றுவிட்ட தம்பியின் மகனை வாரிசாக எடுத்தோம். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கட்டும்.

நல்ல சேதியும் இருக்கிறது. முந்தாநாள் நாற்று நடும்போது உன் அண்ணன் தானாகவே சொன்னார்: "வரட்டும். குனிய வேணாம். பின்னால நிக்கட்டும்." நீ வரலாம்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் செப்டம்பர் வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

புனிம்


இன்சொன்
ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பின்னால் என்ன, கோழிக் கூண்டுப் பக்கம் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். அண்ணனுக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மெத்தென்ற செருப்பு.

வெள்ளைக்கொக்கு ஒன்பது நாளாக வாயைத் திறக்கவில்லை. அறையே அமைதியாகிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் என் பக்கம். சபைப் பெண்கள் கூட்டத்தில் பாஸ்டரம்மா என் பதிலை வாசித்தார்கள். கை தட்டினார்கள் அண்ணி. நாற்பத்துநாலு வயசில் எனக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

என்ன எழுதினேன் என்பது பெரிய விஷயம் இல்லை. பொதுவாகத்தான் எழுதினேன். பெயர், ஊர் எதுவும் கிடையாது.

சித்தப்பா நடத்தும் நம் வம்சச் சங்கத்தின் இணையப் பக்கம் இன்னும் இருக்கிறதா? அதை யாராவது பார்க்கிறார்களா? சும்மா கேட்டேன்.

மழைக்காலம் வருகிறது. ஈரத்தில் நிற்காதீர்கள்.

சுன்யே


இன்சொன்
ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நாற்று நடவு முடிந்திருக்கும், பூண்டு பிடுங்கியிருப்பீர்கள், வேலை அதிகம்தான். வழக்கமாகப் பதினைந்து நாளுக்குள் உங்கள் கடிதம் வரும். இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது. தபால்காரரை இன்று வாசலில் நிறுத்திக் கேட்டேன். "எழுதினாத்தானே அம்மா வரும்" என்றார்.

கூடத்துப் போனில் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். மே மாதம் வரச் சொன்னவர்.

ஒரு வரி போதும்.

சுன்யே


சோல்மொரு
ஜூலை 15

சுன்யேவுக்கு,

அத்தை சுகம். உன் அண்ணன் சுகம். மழை விடாமல் பெய்கிறது.

ஜூன் பதினெட்டாம் தேதி சின்ன மாமனார், உன் சித்தப்பா, வந்தார். கையில் அச்செடுத்த காகிதம். உன் விவாத அறையில் இருந்ததை யாரோ எடுத்து வம்சச் சங்கப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து முழுசாக வாசித்தார். நான் அப்போதுதான் பார்லித் தேநீர் கொண்டுவந்திருந்தேன். அவர் வாசித்ததைத் தட்டோடு நின்றபடி கேட்டேன்.

"எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பல் இல்லாமல் செத்த மூதாதைக்காக முன்னூறு வருஷமாகக் கருவாட்டை இடித்துத் தூளாக்கி, மறுபடி மீன் மாதிரிப் பிடித்து வைக்கிறார்கள். அதை இடிக்கும்போது அந்த வீட்டு மருமகள் தன் பிள்ளையை இழந்தாள். ஒருவரிடமும் சொல்லாமல் இடித்து முடித்தாள். சொர்க்கத்தில் கிழவருக்கு நன்றாக மெல்ல முடிந்ததா?"

உன் அண்ணன், "எங்கியோ எவனோ எழுதினது" என்றார். மாமனார் காகிதத்தைத் தரையில் வைத்துத் தட்டினார். "முழுக் கருவாடு வைக்காத வீடு இந்த மாவட்டத்துலயே ஒண்ணுதாண்டா. நாளைக்கு எல்லாக் கிளையும் கேக்கும். எந்த மருமகள்? எந்த வருஷம்? அன்னிக்குப் படைச்சது தீட்டுச் சோறா இல்லையா?"

கவனித்தாயா? பிள்ளை என்ற பேச்சே அதில் இல்லை. சோற்றைப் பற்றித்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கென்ன தெரியும்" என்றேன். உன் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "இது அவ வேலை. சபைக்காரி. நம்ம வீட்டை அசிங்கப்படுத்தக் கதை கட்டியிருக்கா." அதிலிருந்து இந்த வீட்டில் நீ பொய்க்காரி. ஒரு மாதமாக அந்தப் பொய்க்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் பதினாறு தாத்தாவுக்குத் திதி. எல்லாக் கிளையும் வரும். அதற்குள் வம்சச் சங்கப் பக்கத்திலும் உன் அறையிலும் உன் சொந்தப் பெயரில் எழுது. அப்படி ஒரு பிள்ளை இல்லை, நான் கட்டிய கதை என்று எழுது.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

புனிம்


இன்சொன்
ஜூலை 20

அண்ணி,

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்கள் இடுப்பைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி?

பெயர் எழுதவில்லை, ஊர் எழுதவில்லை, வருஷம்கூட எழுதவில்லை. கருவாட்டை எழுதினேன். சின்ன வயசிலிருந்து கைகழுவுவது மாதிரிப் பழகிப்போனது. அதில் நம் வீட்டு முகவரியே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்கொக்குக்கு உறைக்க வேண்டும், பல் இல்லாத கிழவர் என்றால் நன்றாக உறைக்கும், அது மட்டும்தான் மனசில் இருந்தது.

நான் செய்தது தவறு. ஆயிரம் தடவை சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது பொய் சாட்சி. பத்துக் கட்டளையில் ஒன்று. போய்விட்ட ஒரு உயிரை, இருக்கவே இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்? வேண்டுமானால் பதிவை நீக்கிவிடுகிறேன். அல்லது, வேறு வீட்டுக் கதை, தவறாகக் கேட்டுவிட்டேன் என்று எழுதட்டுமா? பாஸ்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "உண்மையைச் சொன்னதற்காக எதற்கு வருத்தப்படுகிறீர்கள்?" என்றார். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

சுன்யே


சோல்மொரு
ஜூலை 28

சுன்யே,

அத்தை உன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீக்கினால், உண்மை என்பதால் நீக்கினாள் என்பார்கள். வேறு வீடு என்றால், எந்த வீடு என்பார்கள்.

என் பிள்ளையை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காட்டியபோது நீ எவ்வளவு நேரம் ஜெபித்தாய்?

பதினாறாம் தேதி.

புனிம்


இன்சொன்
ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை பத்து மணிக்கு இரண்டு இடத்திலும் எழுதிவிட்டேன். இதுதான்:

"கடுகுவிதை என்ற பெயரில் எழுதியது நான், சுன்யே, சோல்மொரு வீட்டு மகள், இப்போது இன்சொனில் இருப்பவள். அந்த மருமகளும் பிள்ளையும் நான் கட்டிய கதை. விவாதத்தில் ஜெயிப்பதற்காகப் பொய் சொன்னேன். அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

சபையிலும் சொன்னேன். பாஸ்டரம்மா என் கையை விட்டுவிட்டு வேறு யாருடனோ பேசப் போனார்.

உங்கள் கேள்வி பத்து நாளாக என்னைத் தின்றது. ஜெபிக்கவே இல்லை அண்ணி. காலையில் அரிசி ஊறப்போட்ட கையோடு உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியதைவிட இன்னும் உறைப்பாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை திருத்தினேன். இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்ல மாட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது கட்டளைக்குப் பயந்து இல்லை. கட்டளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். இந்தப் பத்து நாளும் ராப்பகலாக நினைத்தது, இதைப் படித்துவிட்டு வெள்ளைக்கொக்கு என்ன சொல்வார் என்பதைத்தான். முகம் தெரியாத அந்த ஆளிடம் தோற்கக் கூடாது என்பதற்காக உங்களை அந்தக் கூடத்தில் அப்படியே நிற்க வைத்திருந்தேன்.

விவாத அறையில் சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னார்கள். "சபைக்குப் போறவங்க வாயில வர்றது பூராவும் இதே தினுசுதான்" என்றார் ஒருவர். "மாமியார் கொடுமைனு சீரியல் எழுதப் போங்கம்மா" என்றார் இன்னொருவர். மதியம் வெள்ளைக்கொக்கே வந்து எழுதினார்: "பொய்யை ஒத்துக்கவும் ஒரு நெஞ்சு வேணும். கடுகுவிதை அம்மாவுக்கு என் வணக்கம்."

அதைப் படித்ததும் எனக்கு உள்ளே இனித்தது. எல்லாம் போன பிறகும், அந்த ஒரு வரி இனித்தது. கர்த்தருக்காகத்தான் பேசுகிறேன் என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டரை என் வீட்டுக்காரரின் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

சுசொக்குக்கு வருவதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவின் செருப்பைத் தபாலில் அனுப்புகிறேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

சுன்யே


சோல்மொரு
ஆகஸ்ட் 30

சுன்யேவுக்கு,

வெயில் தணிந்து காலையில் காற்று கொஞ்சம் குளிர ஆரம்பித்திருக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் சுகமா? செருப்பு வந்தது. அத்தை யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. போட்டுக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

பதினாறாம் தேதி நடந்ததை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

எல்லாக் கிளையும் வந்திருந்தது. பெண்கள் நாங்கள் பின்கட்டில். நான் உரலில் கருவாடு இடித்துக்கொண்டிருந்தேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முள் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் சின்ன மாமனார் உன் மன்னிப்பை அச்செடுத்து வந்து எல்லோருக்கும் வாசித்தார். கதவு திறந்திருந்தது, நன்றாகக் கேட்டது. வாசித்து முடித்ததும் உன் அண்ணன் மூச்சு விட்டது வரைக்கும் கேட்டது.

"அப்ப குழந்தைனு ஒண்ணே கிடையாது. நல்லதாப் போச்சு" என்றார் மாமனார். யாரோ சிரித்தார்கள்.

நான்தானே அப்படி எழுதச் சொன்னேன்? பதினேழு வருஷம் சொல்லாமல் இருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை, சுன்யே. சொல்லாவிட்டாலும் அது இருந்தது. இல்லை என்று ஒரு கூட்டமே சேர்ந்து சந்தோஷப்படும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தேன். "இருந்துச்சு" என்றேன்.

"எது?" என்றார் மாமனார்.

"குழந்தை. மூணு மாசம். இந்த உரல்கிட்டதான். சுன்யே பொய் சொல்லலே, நான்தான் சொல்லச் சொன்னேன்."

அவ்வளவு ஆண்கள் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. மாமனார் மட்டும், அப்படியானால் அன்றைக்குப் படைத்தது என்று ஆரம்பித்தார். அத்தை உள்ளேயிருந்து, "நீ ரெண்டு கிண்ணம் தின்னே. அப்பத் தெரியலையா?" என்றார். முள் பொறுக்குவதை நிறுத்தவே இல்லை. அத்தைக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

மாமனாரும் இரண்டு கிளைக்காரர்களும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். உன் அண்ணன் அலமாரியிலிருந்து இன்னொரு கருவாட்டை எடுத்தார். தலையும் வாலுமாக முழுசாகவே தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. திதி நடந்தது.

மறுநாள் மிளகாய் பறிக்கப் போனோம். வருஷத்துக்குப் பதினோரு திதி. பதினொன்றுக்கும் நாள் மனப்பாடம் அவருக்கு. ஒரு கூடை நிறையப் பறித்தார். பிறகு திரும்பாமலே, "எந்தத் தேதி?" என்றார்.

எந்தத் திதிக்கு இடிக்கும்போது என்று நான் கூடத்தில் சொல்லவில்லை. பதினொன்றில் எது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த செடிக்கு நகர்ந்தேன். மறுபடியும் கேட்டார். "அது என்கிட்ட இருக்கட்டும்" என்றேன். பிறகு என் பாத்திக்கு அடுத்த பாத்தியில் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தார்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை அவர். பன்னிரண்டாவதாக ஒரு தட்டு வைப்பார், குனிவார். அந்தக் கூடத்தில் அது போய் உட்கார வேண்டாம். உன் விவாத அறையிலும் வேண்டாம். நீ எழுதியது இரண்டையும் எப்படியாவது எடுக்கச் சொல்லிவிடு. உண்மை என்றும் வேண்டாம், பொய் என்றும் வேண்டாம்.

என் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் சுசொக்குக்கு மாவு பிசைய ஆள் இல்லை. செப்டம்பர் பத்தாம் தேதி காலை வண்டியில் வா. உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நிற்பார் என்று நினைக்கிறேன். உன்னிடம் அந்தத் தேதியைக் கேட்பார். என்னைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் உடனே உள்ளே விட்டுவிடுவார், சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவார் என்றுகூட உனக்குத் தோன்றும். அம்மா உள்ளே உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரியும்.

சொல்லாதே.

புனிம்